அடிமட்டமும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும்
ஆரம்பப் பாடசாலையில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படிப்பிக்க முதலில் கணினி அறை வேண்டும் என்று இங்கே வந்த கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலையில் தரம் 4 பிள்ளைகளுக்குப் பல வருடம் படிப்பித்தவள் நான், எங்களிடம் இருந்தது அடிமட்டமும் கத்தரிக்கோலும் பழைய சப்பாத்துப் பெட்டிகளும்தான். அவற்றால் பிள்ளைகள் செய்தது, பைபிளில் பெருவெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய பேழை என்ற கப்பலின் மாதிரி. அந்தப் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று ஆதியாகமம் சொல்கிறது, ஒரு முழத்தை ஒரு மில்லிமீற்றராக எடுத்தால் 30 சென்ரிமீற்றர் நீளம், அதாவது முழு அடிமட்டம், அகலம் 5, உயரம் 3. பிள்ளைகள் மட்டையில் கீறி, வெட்டி ஒட்டி, நனையாமல் இருக்க மெழுகுதிரியால் நன்றாகத் தேய்த்து, பெரிய பேசின் தண்ணீரில் விட்டுக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் கவிழும். அப்புறம் ஏன் கவிழ்ந்தது என்று தங்களுக்குள் சண்டை பிடித்து, கற்களை மாற்றி அடுக்கி, சிலர் அடித்தட்டையே அகலமாக்கித் திரும்பச் செய்வார்கள், அந்தத் திரும்பச் செய்வதற்காகத்தான் நான் இரண்டு பாடவேளை ஒதுக்கினேன். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இதெல்லாம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவாது என்கிறார். சரி, நீளம் அளப்பதும் மில்லிமீற்றரைச் சென்ரிமீற்றராக்குவதும் அந்தப் பரீட்சைக்குப் படிக்கும் கணிதம்தானே?