தராசுக்கு 155 கில்டர்

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மேரின் பிரியர்கள் திட்டினாலும் பரவாயில்லை. அவர் வரைந்ததில் எனக்கு ஒட்டவே ஒட்டாத படம் 'விசுவாசத்தின் உருவகம்'. 1670-72 வாக்கில் வரைந்தது, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விசுவாசம் என்ற நற்பண்பை ஒரு பெண்ணாக உட்கார வைத்திருக்கிறார். வெள்ளையும் நீலமுமாக உடை, நெஞ்சில் கை, உலக உருண்டைமேல் ஒரு கால். தரையில் கடித்த ஆப்பிள். கல்லடியில் நசுங்கிய பாம்பு ரத்தம் கக்குகிறது. மேசையில் சிலுவை, பூசைக் கிண்ணம். எதையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் பண்புக்கு என்ன உடை, கையில் என்ன, காலடியில் என்ன என்று சேசரே ரிப்பா என்ற இத்தாலியர் அகராதி மாதிரி ஒரு புத்தகம் போட்டிருந்தார். 1644இல் அது டச்சிலும் வந்துவிட்டது. அதைப் பார்த்து வரைந்தது அப்படியே தெரிகிறது. அந்த அம்மா மேலே பார்க்கிற பார்வை, மேடையில் வசனம் மறந்தவர் பார்வை.

வெர்மேரின் ஊரான டெல்ஃப்டில் அப்போது கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகப் பூசை வைக்க முடியாது, வீட்டுக்குள்தான். இடப்பக்கம் ஒதுக்கிவிட்ட அந்தக் கனத்த திரை அதனால்தானோ என்று தோன்றும்போது கொஞ்சம் இரக்கம் வருகிறது. அப்புறம் நீல ரிப்பனில் தொங்கும் கண்ணாடிக் குண்டு. அறை வெளிச்சம் முழுக்க அதில் வளைந்து கிடக்கிறது. அந்த ஒரு சாண் இடத்தில்தான் வெர்மேர் இருக்கிறார்.

இதற்குச் சில வருடம் முன்பு வரைந்த 'தராசு பிடித்த பெண்' வாஷிங்டனில் இருக்கிறது. பாம்பு இல்லை, உருண்டை இல்லை. ஜன்னலோரம் ஒருத்தி தராசு நிலைக்கக் காத்திருக்கிறாள், சுண்டுவிரல் லேசாகத் தூக்கியிருக்கிறது. பின்சுவரில், உலக முடிவில் மனிதர்களுக்குக் கிடைக்கும் இறுதித் தீர்ப்பைக் காட்டும் ஓவியம். தட்டுகளில் பொன்னோ முத்தோ இருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டு காலி, வெறும் ஒளிப்புள்ளி. நிதானம் என்ற பண்பை இதைவிட எப்படிக் காட்டுவது?

ஆம்ஸ்டர்டாம் ஏலங்களில் 1696இல் தராசுப் படம் 155 கில்டருக்கு (அந்தக் கால டச்சு நாணயம்) போனது. 1699இல் விசுவாசம் 400. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு அளவைப் பார்த்தேன். ஒன்று 40க்கு 36 செ.மீ., மற்றது 114க்கு 89. பரப்பளவுக்குக் கணக்குப் போட்டால் தராசுக்குத்தான் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.