முயல் வேலியோடு நின்றுபோகும் மேகம்

மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல் வேலி என்று ஒன்று இருக்கிறது. கிழக்கேயிருந்து முயல்கள் படையெடுத்து வந்து பயிரைத் தின்றுவிடக் கூடாது என்று 1901 முதல் 1907 வரை கட்டினார்கள். இன்று அதன் தென்பகுதியில் வேலிக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், கிழக்கே ஆதியிலிருந்து அப்படியே கிடக்கும் யூகலிப்டஸ் புதர்க்காடு. செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள், கோடையில் சில நாட்கள் மேகம்கூட வேலியோடு நின்றுவிடுகிறது. காட்டுக்கு மேல் கொத்துக் கொத்தாக வெண்மேகம், வயலுக்கு மேல் வெறும் வானம்.

காடு கருமையானது, வெயிலை இழுத்துக்கொள்ளும். அதன் மேலுள்ள காற்று சூடாகி நல்ல உயரத்துக்குக் கிளம்பும், வேர்கள் ஆழத்தில் இருப்பதால் கோடையிலும் கொஞ்சம் ஈரம் மேலே போய்க்கொண்டிருக்கும். அறுவடை முடிந்த கோதுமைத் தாளோ வெளிறிப்போய் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். குளிர்காலத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து மேலே தூக்கிவிட மரங்கள் இல்லாததால் அதுவும் உள்ளே ஓடிவிடுகிறது.

இந்த வயல்கள் இருக்கும் தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் 1970-க்குப் பிறகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை சுமார் 16 சதவீதம் குறைந்துவிட்டது. புவி வெப்பமாதலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. காட்டை அழித்ததன் பங்கு எவ்வளவு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள், சரி. ஆனால் பொதுவெளியில் அந்தப் பங்கைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதுதான் என் கோபம்.

ஏனென்றால் காட்டை அழித்தால் நிலம் கெடும் என்று தெரியாமல் நடந்ததல்ல இது. டபிள்யூ. ஈ. வுட் என்ற ரயில்வே பொறியாளர், நீராவி எஞ்சினுக்கு எடுக்கும் தண்ணீர் ஏன் உப்பாகிறது என்று தேடிப்போய், காட்டை வெட்டிய இடத்தில்தான் உப்பு மேலே வருகிறது என்று 1924-லேயே எழுதிவிட்டார். அதற்கப்புறமும் 1960-களில் ‘வருடத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர்’ என்று முழக்கம் வைத்து அரசு நிலம் கொடுத்தது. காட்டை அழித்துக் காட்டினால்தான் பட்டா. இன்று பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

நம் ஊர்ச் சுவர்களில் ‘மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்’ என்று எழுதியிருக்கும். எனக்கும் பிடித்த வாசகம்தான், ஆனால் சாலையோரம் பத்து கன்று நட்டு மேகத்தை வரவழைக்க முடியாது. வேலி காட்டுவது நூற்றுக்கணக்கான மைல் விரிந்த, வேரோடு விட்டுவைத்த காட்டின் வேலையை. அதனால் நடுவதைவிட வெட்டாமல் இருப்பதற்குத்தான் நான் முதலில் சண்டை போடுவேன்.

வேலிக்குக் கிழக்கே சுமார் 1.6 கோடி ஹெக்டேர் காடு இன்னும் மிச்சமிருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் காப்புக்காடு என்ற பாதுகாப்பு கிடையாது. அங்கே சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்கும்போது செடிக்கும் பறவைக்கும் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். மழைக்கு என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும்.