பரபரப்பான அட்டை வேண்டாம், சாதாரண வாரம் போதும்

பழைய வணிக இதழ்களைச் சேர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பொய்த்துப்போன ஆரூடங்களாகத் தேடிப் பிடித்து, படம் எடுத்துப் போட்டுச் சிரிப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது 'பிசினஸ்வீக்' 1979 ஆகஸ்ட் 13 இதழ். பங்கு முதலீடு செத்துவிட்டது என்று அட்டையிலேயே அறிவித்தது. மூன்றே வருடத்தில் அமெரிக்கச் சந்தை ஏறத் தொடங்கியது. 1999இல் அந்தச் சந்தையின் குறியீட்டெண்ணான டவ் ஜோன்ஸ் 10,000 புள்ளிகளைத் தாண்டியது. சரி, சிரிக்கலாம். ஆனால் அட்டையைத் தாண்டி உள்ளே படித்தால் அது பணவீக்கத்தைப் பற்றிய கட்டுரை. விலைவாசி சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தது. பங்கை விட்டுத் தங்கம், வீடு, நிலம் என்று பணம் ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதம்தான் பால் வோல்க்கர் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவரானார். அவர் காலத்தில் வட்டி 20 சதவீதத்தைத் தொடும், பணவீக்கம் அடங்கும் என்று அந்த வாரம் யாருக்குத் தெரியும்? அன்றைய பயம் நியாயமான பயம். அதை முடிவு தெரியாமல் படிக்கக் கிடைப்பதுதான் பழைய இதழின் அருமை. வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்துவிடுகிறதே!

'எகானமிஸ்ட்' 1999 மார்ச்சில் உலகம் எண்ணெயில் மூழ்குகிறது என்றது, பீப்பாய் 5 டாலருக்கு இறங்கலாம் என்றது. வருடக் கடைசியில் விலை 25 டாலர் பக்கம் போயிருந்தது. அவர்களே தப்பை ஒப்புக்கொண்டு எழுதினார்கள், அது வேறு கதை.

கட்டுரைகளை விட எனக்கு விளம்பரங்கள் மேல்தான் கண். கட்டுரை என்பது ஆசிரியரின் கவலை. விளம்பரம் காசு கொடுத்தவரின் கவலை. இதழின் தடிமனே ஒரு குறியீட்டெண் என்பேன். 'இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்' என்று இணைய நிறுவனங்களுக்கான வார இதழ் ஒன்று இருந்தது. 2000இல் அமெரிக்காவிலேயே அதிக விளம்பரப் பக்கம் விற்ற இதழ் அதுதான். அந்த நிறுவனங்களின் பங்கு விலை ஊதிப் பெருத்திருந்த டாட்காம் குமிழி உடைந்தது, விளம்பரம் வற்றியது, 2001 ஆகஸ்டில் இதழே நின்றுபோனது. கொழுத்த இதழையும் மெலிந்த இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வரைபடம் தேவையில்லை.

இதில் ஒரு சங்கடம். பல நூலகங்கள் ஆண்டுத் தொகுப்பாக பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றிவிடும். இடம் மிச்சம்தான், ஆனால் போனது பாதி வரலாறு. அதனால் பைண்டு வால்யூமை விட, ஓரம் மடங்கிய உதிரிப் பிரதியைத்தான் நான் விரும்புவேன்.

புகழ்பெற்ற இதழ்களைத் துரத்துவதிலும் எனக்கு ஆர்வமில்லை. 'ஃபார்ச்சூன்' முதல் இதழ் 1930 பிப்ரவரியில், வால் ஸ்ட்ரீட் சரிந்து சில மாதங்களில் வந்தது. விலை 1 டாலர், அன்றைக்கு அது பெரிய காசு. உள்ளே பன்றி இறைச்சித் தொழிற்சாலை பற்றி விரிவான கட்டுரை, மார்கரெட் போர்க்-ஒயிட் எடுத்த படங்களோடு! பார்க்க ஆசைதான், வாங்க அல்ல.

எனக்கு வேண்டியது யாரும் நினைவில் வைக்காத வாரங்கள், அதுவும் வரிசையாக. ஒரு கவலை வரும்போது அட்டையில் வருகிறது, போகும்போது சொல்லிக்கொள்வதில்லை. 1980களில் ஜப்பான் எல்லாவற்றையும் வாங்கிவிடும் என்ற பயம் அமெரிக்க இதழ்களில் பக்கம் பக்கமாக இருந்தது. ஜப்பான் பங்குக் குறியீட்டெண்ணான நிக்கெய் 1989 டிசம்பரில் உச்சம் தொட்டுச் சரிந்தது. அப்புறம் அந்தப் பயம் எந்த மாதம் உள்பக்கத்துக்கு நகர்ந்தது, எப்போது காணாமலே போனது என்பதை ஒரு இதழை வைத்துச் சொல்ல முடியாது. 1990 முதல் 1993 வரை விடாமல் வரிசையாக யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். விளம்பரப் பக்கம் கிழியாமல் இருக்க வேண்டும்.