முனை வீடு வரைக்குமாவது பேச விட்டிருக்கலாம்

கணிதக் கருத்தரங்குல பேசிட்டிருந்த ஒரு பிள்ளைய பாதியிலயே உக்கார வச்ச அந்த வீடியோவ இதுக்குள்ள எல்லாரும் பாத்திருப்பீங்க. நான் அந்த ஹால்ல மூணாவது வரிசையில இருந்தேன். எழுத வேண்டாம்னுதான் ரெண்டு நாளா இருந்தேன், வெப்ராளம் அடங்கல்ல.

பிஎஸ்சி மூணாம் வருஷப் பிள்ளைக்குப் பத்து நிமிஷம்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருக்கு. நாலாவது நிமிஷம் அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கின செஷன் சேர் மைக்க வாங்கி, "இதெல்லாம் ரிசர்ச்சாம்மா? ஏற்கெனவே தெரிஞ்ச ரிசல்ட், மொதல்ல டிகிரிய முடி"ன்னு சொல்லி உக்கார வச்சிட்டாரு. காலையில பொன்னாடையும் நினைவுப் பரிசும் குடுக்க நாப்பது நிமிஷம் ஆச்சு, அப்ப யாரும் வாட்ச் பாக்கல்ல.

அவ என்ன சொல்ல வந்தான்னு கேளுங்க. அவ வீடு சுனாமி காலனி. எதிரும் புதிருமா ரெண்டு வரிசை வீடு. ஒரு வீட்டு முன்னால குழாய் போட்டா அந்த வீடு, ரெண்டு பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, ஆக நாலு வீட்டுக்குத் தண்ணி. அப்போ வரிசைக்கு எட்டு, மொத்தம் 16 வீட்டுக்கு குறைஞ்சது எத்தன குழாய் வேணும்? நாலு போதுமேன்னு நானும் சொன்னேன். "இல்ல மிஸ், அஞ்சு வேணும், முனை வீடு இடிக்குது"ன்னா. முனை வீட்டுல போட்டா ஒரு பக்கம் வீடே கிடையாது, மூணு வீட்டோட நின்னிரும். சரி, ரெண்டாவது வீட்டுல போட்டா எதிர்த்த முனை வீடு தனியா விட்டுப்போகும், அதுக்காக இன்னொரு குழாய் எங்க போட்டாலும் ஏற்கெனவே தண்ணி கிடைச்ச வீட்டுக்கே திரும்பவும் போகும். புள்ளியும் கோடுமா வரைஞ்சு கணக்குப் போடுற கிராஃப் தியரியில, இந்தக் குறைஞ்சபட்ச எண்ணிக்கையத்தான் டாமினேஷன் நம்பர்ங்கிறோம். வரிசைக்கு எத்தன வீடோ அதோட ரெண்டக் கூட்டிப் பாதியாக்கணும், அரை வந்தா விட்டிரணும், அதுதான் விடை. எந்தப் புத்தகமும் பாக்காம காலனிய நோட்டுல வரைஞ்சு வரைஞ்சு பிடிச்சா.

தெரிஞ்ச ரிசல்ட்தான், யாரு இல்லன்னா? 1980கள்லயே பேப்பர் வந்தாச்சு, அத அவளே ரெண்டாவது ஸ்லைடுல போட்டிருந்தா. அவளோட சொந்த வேலை அதுக்குப் பிறகு வருது, நடுவுல சில வீடு பூட்டிக் கிடந்தா, அங்க குழாயும் போட முடியாதுன்னா கணக்கு எப்படி மாறும்ங்கிறது. முனை வீட்டுக்கே வர விடல்ல, பூட்டின வீட்டுக்கு எங்க போக.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, நான் பிஎஸ்சி படிக்கிறப்ப கருங்கல்ல இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ல போவேன், டிக்கெட் நம்பர்ல மூணு இலக்கத்த எடுத்து பெருசுல இருந்து சின்னதுக்கு ஒருக்கா, சின்னதுல இருந்து பெருசுக்கு ஒருக்கா அடுக்கிக் கழிப்பேன், வர்ற எண்ண திரும்பவும் அதே மாதிரி. மூணும் ஒரே இலக்கமா இல்லன்னா கடைசியில 495ல வந்து நிக்கும். நாலு இலக்கம்னா 6174. அஞ்சு இலக்கம் எங்கயும் நிக்காது, வட்டமடிக்கும். ஒரு நோட்டு முழுக்க எழுதி சார்ட்ட கொண்டு போனேன். அவரு நோட்ட விரிக்கக்கூட இல்ல, "இத வச்சு பரீட்சையில மார்க் வருமா"ன்னாரு. நோட்டு மச்சுக்குப் போச்சு.

ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது, கப்ரேகர்னு ஒருத்தர், மகாராஷ்டிராவுல தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியார், எம்ஏகூட கிடையாது, இந்த 6174 கணக்க 1949ல மெட்ராஸ் கணித மாநாட்டுல சொல்லியிருக்காரு. அவரப் பேச விட்டிருக்காங்க. எனக்குக் கிடைச்சதும் தெரிஞ்ச ரிசல்ட்தான், ஆனா நானே கண்டுபிடிச்சது. ஒருத்தராவது உக்காந்து கேட்டிருந்தா நான் அன்னைக்கே நிறுத்தியிருக்க மாட்டேன்.

டிகிரி முடிச்சிட்டு வரணுமாம். 2002ல ஒரு எண் பகா எண்ணான்னு வேகமா சோதிக்க வழி சொன்னாங்களே கான்பூர் ஐஐடியில, அந்த மூணு பேர்ல கயாலும் சக்சேனாவும் அப்பதான் பிடெக் முடிச்ச பையன்மாரு. அவ்வளவு தூரம் எதுக்கு, கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை இன்டர்மீடியட் படிச்சது நம்ம நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்டியன் காலேஜ்ல. 1, 2, 3ன்னு போற எந்த எண்ணையும் 73 ஆறாம் படிக்குள்ள (ஆறாம் படின்னா ஒரே எண்ண ஆறு தடவ போட்டுப் பெருக்குறது) கூட்டி எழுதிரலாம்னு 1940ல நிரூபிச்ச மனுஷன். 1950ல அமெரிக்கா போற வழியில கெய்ரோ பக்கத்துல விமானம் விழுந்து போய்ச் சேந்துட்டாரு. அந்தக் காலேஜ் வாசல் வழியா தினமும் பஸ்ல போற நம்ம பிள்ளைகள்ல எத்தன பேருக்கு அவர் பேரு தெரியும்? நாம சொல்லிக் குடுத்தாத்தானே.

யூஜி பிள்ளைங்க சர்டிபிகேட்டுக்குத்தான் வருதுங்க, காப்பி பேஸ்ட்தான்னு சொல்றாங்க. இருக்கு, மறைக்கல்ல. கிராஃப்ல புள்ளிக்கெல்லாம் நம்பர் போடுற ஒரு லேபிளிங்குக்குப் புதுப் பேரு வச்சு ஒரு பேப்பர், காசு கட்டினா போடுற ஜர்னல், எல்லாம் இருக்கு. ஆனா அதுக்குப் பிள்ளைகள இழுத்து விட்டது யாரு? நாமதான், ப்ரமோஷனுக்கும், காலேஜுக்குத் தரம் போட வர்ற நாக் விசிட்டுக்கும். பழி மட்டும் அதுங்க தலையில. நேரம் இல்லன்னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

"உங்க ஸ்டூடண்ட், அதான் கொதிக்கிறீங்க"ன்னு ஒரு ஃப்ரெண்டே போன்ல சொன்னா. ஆமா, என் ஸ்டூடண்ட்தான். நான் கொதிக்காம வேற யாரு கொதிப்பா? அவ அம்மா மீன் சட்டி சுமந்து வித்த காசுலதான் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டினா, முந்நூறு ரூவா. பேசி முடிக்கல்லன்னாலும் சர்டிபிகேட் குடுத்தாங்க, அவ அத வாங்கி மடக்கிக்கூட வைக்கல்ல, பஸ்ல என் மடியில வச்சிட்டு ஜன்னல் பக்கமாத் திரும்பி இருந்தா.

ஸ்டாப்புல அம்மா நின்னாங்க. "நல்லா பேசினியா மக்கா?"ன்னு கேட்டாங்க. நான் ஏதோ சமாளிக்க வாயத் திறக்குறதுக்குள்ள அவளே, "முனை வீட்டுக்கு வர்றதுக்குள்ள நிறுத்திட்டாங்கம்மா"ன்னா. எந்த முனை வீடுன்னு அம்மா கேக்க, ரோட்டோரத்துல நின்னே சர்டிபிகேட்டத் திருப்பி பின்பக்கம் பதினாறு கட்டம் வரைஞ்சு சொன்னா. அந்தம்மா முழுசும் கேட்டாங்க. கேட்டுட்டு, "அது எனக்குத் தெரியாதா பிள்ள, முனை வீட்டுக்காரிதான் எப்பவும் கொடத்தத் தூக்கிட்டு தூரம் நடக்கா"ன்னாங்க.