பாத் நகரக் குளத்தில் ரோமானியர் கட்டியது எது?
இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள பெரிய வெந்நீர்க் குளத்தைச் சுற்றி நிற்கும் தூண்களும் சிலைகளும் 2000 ஆண்டுப் பழமையானவை என்றும், அதில் இன்றும் நீராடலாம் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் சரியல்ல. குளம் ரோமானியருடையது என்பதில் ஐயமில்லை; ஆனால் தூண்களின் அடிப்பகுதிக்கு மேலே கண்ணில் படுவதில் பெரும்பகுதி விக்டோரியா காலத்துக் கட்டுமானம். மேல்தளத்தில் நிற்கும் ரோமப் பேரரசர்கள், ஆளுநர்களின் சிலைகள் 1894இல் செதுக்கப்பட்டவை. குளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1897இல்.

உண்மையான பழமையைக் காண விரும்புவோர் கீழே பார்க்க வேண்டும். 45 ஈயத் தகடுகள் பதித்த குளத்தின் தரை இன்றும் நீர் கசியாமல் தாங்குகிறது. சுற்றியுள்ள கல்தளம் எண்ணற்ற கால்கள் பட்டுத் தேய்ந்திருக்கிறது. ரோமானியர் காலத்தில் குளத்தின் மேல் உயரமான வளைகூரை இருந்தது. இப்போது வெயில் நேரே படுவதால் பாசி வளர்கிறது. படங்களில் எல்லோரையும் கவரும் அந்தப் பச்சை நிறம் அதனால் வந்ததே.

நீராடுவது பற்றிய தகவல்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. இதே ஊற்றின் நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபாத் தொற்றால் இறந்ததையடுத்து, 1978இல் அந்நீரில் குளிப்பது நிறுத்தப்பட்டது. ரோமானியக் குளத்தின் நீர் சுத்திகரிக்கப்படாதது. அதில் இறங்க அனுமதியில்லை. ஊற்றுநீரில் குளிக்க விரும்புவோர், சுத்திகரித்த நீருடன் 2006இல் அருகிலேயே திறக்கப்பட்ட தெர்மே பாத் ஸ்பாவுக்குச் செல்லலாம். அதற்குத் தனி நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.