கேட்டதையும் கணக்கில் எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு இதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். யார் என்ன படித்தார்கள் என்ற வருஷ முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்த நாவல்களில் பாதிக்கு மேல் அடித்துவிட்டார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் 'ஒலிநூல்' என்று நானேதான் போட்டிருந்தேன். போடாமல் விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

"காதில் விழுந்ததெல்லாம் வாசிப்பு ஆகாது, அதுவும் டிராகன் கதை, ராக்கெட் கதை" என்று குழுவில் அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் எழுதினார். சரி, அது அவர் கருத்து. அதற்குக் கீழே இன்னொருவர் வந்து "கள்ளு வண்டியில் கேட்டது தலையில் நிற்குமா" என்று கேட்டார். உடனே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் சிலர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். போகட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் அந்த நாவலைப் படித்தவன். யூடியூபில் பத்து நிமிஷக் கதைச்சுருக்கம் கேட்டவனைப் பற்றி நான் பேசவில்லை. எழுதியவர் எழுதிய அத்தனை வார்த்தையும் உள்ளே போயிருக்கிறது. கண் வழியாகப் போனதா காது வழியாகப் போனதா என்பது அவனுக்கும் அவனுடைய டாக்டருக்கும் உள்ள விஷயம்.

புதிதாக நட்பில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கள்ளு வண்டி ஓட்டுகிறேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவன், அது வேறு கதை. எங்கள் சித்தூர் தாலுகாத் தோப்புகளில் இறக்குகிற கள்தான் கேரளத்தில் பல மாவட்டத்து ஷாப்புகளுக்குப் போகிறது. விடியும்போது அளந்து ஏற்றி, பெர்மிட்டை எடுத்துக்கொண்டு, வடக்கஞ்சேரி, குதிரான், மண்ணுத்தி வழியாக எர்ணாகுளம் பக்கம் போக வேண்டும். கள் யாருக்காகவும் காத்திருக்காது, புளித்துக்கொண்டே வரும். ஆனால் நாம் காத்திருக்க வேண்டும். 2021-ல் சுரங்கம் திறப்பதற்கு முன்னால் அந்தக் குதிரான் ஏற்றத்தில் மணிக்கணக்கில் கிடந்திருக்கிறேன். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் வெளியிட்ட 'டியூன்' நாவலில் பெரும்பகுதியை நான் முடித்தது அங்கேதான். முன்னால் ஒரு டேங்கர், பின்னால் ஒரு டேங்கர், நடுவில் நானும் கதையில் வரும் அராக்கிஸ் கிரகத்துப் பாலைவனமும்.

வியர்வையைக்கூட வீணாக்காமல் வடிகட்டித் திரும்பக் குடிக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டு மணலில் நடக்கிற சனங்களின் கதை அது. பிளாச்சிமடை எங்கள் ஊருக்குப் பக்கம். நிலத்தடி நீரை உறிஞ்சிய குளிர்பானத் தொழிற்சாலையை எதிர்த்துப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்த ஊர். 2004-ல் அந்தத் தொழிற்சாலை ஓட்டம் நின்றது. தண்ணீருக்காக நடக்கிற கதை எனக்குத் தலையில் நிற்குமா என்று கேட்கிறீர்கள். நான் குடிப்பதில்லை. அதையும் இங்கே சொல்லவேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

"ஓட்டிக்கொண்டே கேட்டால் பாதிக் கவனம்தானே?" என்பார்கள். மண்ணுத்தி நெரிசலில் நிறுத்திவிடுவேன். தவறவிட்டால் முப்பது விநாடி பின்னால் தள்ளித் திரும்பக் கேட்பேன். சுற்றுலா பஸ் ஒடித்து முந்தினால் ஒரு அத்தியாயமே திரும்ப ஓடும். நீங்கள் மட்டும் முழுக் கவனத்தோடா படிக்கிறீர்கள்? மடியில் புத்தகம், கையில் போன், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லைக். எனக்குத் தெரியாதா என்ன.

ஒரு நியாயமான கேள்வி உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். இந்த மாயாஜால நாவல்களில் முன்பக்கம் வரைபடம் இருக்கும், பின்பக்கம் சொல்லடைவு இருக்கும், ஐந்து தலைமுறைக்கு வம்சாவளி இருக்கும். காதில் கேட்கிறவனுக்கு அதெல்லாம் கிடையாது. எந்தக் கோட்டை எந்த ஆற்றுக்கு வடக்கே என்று குழம்பியிருக்கிறேன். நாலு ராஜாக்களுக்கு ஒரே மாதிரிப் பெயர் இருந்தால் இரண்டு மணி நேரம் தவித்திருக்கிறேன். அப்புறம் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். டீ குடிக்க நிறுத்தும்போது பார்த்துக்கொள்வேன். புத்தகம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த வரைபடத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கை தூக்கச் சொல்லுங்கள்.

கண்ணுக்குக் கிடைக்காத சில விஷயம் காதுக்குக் கிடைக்கும் என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா? ஆண்டி வியர் எழுதி 2021-ல் வந்த 'புராஜெக்ட் ஹெயில் மேரி' நாவலில் ஒரு வேற்றுக்கிரகவாசி வருகிறது. அது பேசுவது சொற்களால் இல்லை, இசை ஒலிகளால். அச்சில் என்ன செய்ய முடியும்? இசைக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரே போர்ட்டர் வாசித்த ஒலிநூலில் அந்த ஒலியே கேட்கும். ஒரு மனிதனும் அதுவும் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்ளத் திணறுகிற இடத்தில், கூடவே நாமும் திணறுவோம். 2022-ல் ஒலிநூல்களுக்கான 'ஆடி' (Audie) விருதுகளில் அந்த வருஷத்துச் சிறந்த ஒலிநூல் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜ் மார்ட்டினுடைய தொடரில் முதல் பாகமான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலுக்கு ராய் டோட்ரிஸ் என்ற கிழவர் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்துக் கின்னஸில் ஏறினார். ஒற்றை ஆள், ஒரு மைக். பிந்தைய பாகங்களில் சிலருக்குக் குரலை மாற்றிவிட்டார் என்று ரசிகர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள். சும்மா காதில் விழுந்த விஷயத்துக்கு யாராவது அப்படிப் புலம்புவார்களா?

இன்னும் ஒன்று. டக்ளஸ் ஆடம்ஸின் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' நம் பட்டியலில் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, யாரும் அதை அடிக்கவில்லை. அது 1978-ல் பிபிசி ரேடியோவில் தொடராக வந்தது. நாவல் ஆனது 1979-ல். அதாவது முதலில் கேட்டார்கள், அப்புறம்தான் படித்தார்கள். இதற்கு என்ன சொல்வீர்கள் அண்ணா?

ஆராய்ச்சி இருக்கிறதா என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரே கதைகளைச் சிலரைப் படிக்கவும் வைத்து, கேட்கவும் வைத்து, மூளையைப் படம் எடுத்தார்கள். பொருளைப் புரிந்துகொள்கிற பகுதிகள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்தன. ஒன்பது பேரை வைத்துச் செய்தது, சின்ன ஆய்வுதான். இருந்தாலும் ஒரு சிரிப்புப் பொம்மையை விட ஒன்பது பேர் பெரிசு.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சொந்த விஷயம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து "புத்தகத்தைக் கையில் எடுத்துப் படிக்கிற சுகமே தனி" என்று எழுதுகிறவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் நிலைமை தெரியாது. எங்கள் பக்கம் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா என்னை மலையாள மீடியத்தில் சேர்த்தார். கேரளத்தில் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுத மலையாளம் வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கணக்கு அதுதான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ். தமிழ் எழுத்தை நான் கற்றது கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிற பஸ்ஸின் போர்டில். இன்றைக்கும் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை என் மனைவிதான் வாசித்தாள். அவள் ஆனைமலைக்காரி, தமிழ் மீடியம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் வாசிக்க, நான் கேட்டேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவும் கேட்டார். பள்ளிக்கூடத்து வாசலை அவ்வளவாக மிதிக்காதவர் அம்மா. அந்த இயந்திர நாய் ஜீனோ பேச ஆரம்பித்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார். மறுநாள் மத்தியானம் மனைவிக்குப் போன்: "ஏங்கண்ணு, அந்த நாய்க்கு ஒண்ணும் ஆவாதில்ல?" வேலைக்குப் போன இடத்தில் அவள் என்ன பதில் சொல்வாள்? முடிவு தெரிகிற வரை அம்மா எங்களைத் தூங்கவிடவில்லை.

இப்போது கணக்கு சொல்லுங்கள். அந்த வீட்டில் அந்த நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் சட்டப்படி ஒருத்திதான். வாசித்தவளுக்குப் புள்ளி, கேட்ட இரண்டு பேருக்கும் பூஜ்யம். எங்கள் வட்டத்தில் முழு நாவலையும் 'படித்த' ஒரு சார் ஜீனோவைப் பூனை என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுப் போனார். அவருக்கு அடி விழவில்லை.

"பார்வை இல்லாதவர்கள், படிக்கத் தெரியாதவர்கள் விஷயம் வேறு, அவர்களை நாங்கள் சொல்லவில்லை" என்று இப்போது பெருந்தன்மையாக வருவீர்கள். ஏன் வேறு? அதே நாவல், அதே குரல், அதே வார்த்தைகள். பார்வை இல்லாதவர்களுக்காக இங்கிலாந்தில் 1935-லேயே இசைத்தட்டில் பேசும் புத்தகம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேட்டவர் வாசகர், அதையே கேட்டால் நான் மட்டும் சோம்பேறியா? ஒருவருக்கு வாசிப்பு ஆவது இன்னொருவருக்கு ஆகாது என்றால் நீங்கள் அளப்பது வாசிப்பை இல்லை, ஆளை.

செவிச்செல்வம் என்று குறளை எடுத்து வீச மாட்டேன். அதை வீச எங்கள் குழுவிலேயே ஆள் இருக்கிறார்கள். நான் எங்கள் மாவட்டத்துச் சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை, புலவர்கள் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கம்பராமாயணப் பாட்டைப் பாடி விளக்கம் சொல்வார்கள். ஆமாம், கேரளத்துக் கோயிலில், கம்பனுடைய தமிழ். எதற்கு என்றால், ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அதனால் பார்க்க முடியாமல் போன கதையை வருஷா வருஷம் அவளுக்காக நடத்துகிறார்கள். முன்னால் ஒரு ஆள் இல்லாவிட்டாலும் நிறுத்த மாட்டார்கள். ஆளில்லாத திடலில் அந்தக் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதை நானே கேட்டிருக்கிறேன். பறக்கும் தேர், பத்துத் தலை, ஆறு மாசம் தூங்குகிற அரக்கன் எல்லாம் இருக்கிற கதைதான் அதுவும். போய் அம்மனிடம் சொல்லுங்கள், தாயே, உனக்குக் கணக்கில்லை, மாயாஜாலக் கதையைக் காதால் கேட்டாய், புத்தகம் வாங்கிப் படித்திருக்க வேண்டும் என்று. திரும்பி வந்தால் பார்ப்போம்.

கடுப்பில் நீளமாகப் போகிறது, தெரிகிறது. இந்தப் பதிவையே நான் போனிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைத்தேன். வீட்டில் அவள் ஒருமுறை பார்த்துச் சந்தி போட்டுக் கொடுத்தாள். அப்படியென்றால் இதை நான் எழுதவில்லையா? வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்று கதை இருக்கிறது. பாரதம் யார் கணக்கில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பட்டியலுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: பட்டியல் எனக்கு முக்கியமே இல்லை. ஆனால் அந்தக் குழுவில் கள்ளு வண்டிக்காரன் ஒருத்தன்தான், மலையாள மீடியம் ஒருத்தன்தான், இரண்டும் நான்தான். முப்பது பேர் பட்டியலில் அடித்தது என் பெயருக்கு நேரே மட்டும்தான். ஒலிநூல் கேட்கிற இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன்.

அடித்ததைத் திரும்பப் போடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த நேரத்துக்கு வேறு ஒன்று செய்யுங்கள். தமிழில் 'பொன்னியின் செல்வ'னுக்கு எத்தனையோ குரல்கள் கிடைக்கின்றன, விண்வெளிக் கதைகளைத்தான் தேடித் தேடி அலைய வேண்டியிருக்கிறது. குழுவில் நல்ல குரல் உள்ளவர்கள் இருக்கிறீர்கள், அறிபுனைக் கதை எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கதையையே வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். இயந்திராவை முடித்ததிலிருந்து அம்மா அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், என் மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேய்க்கதை வேண்டாமாம், ராக்கெட் இருந்தால் போதும் என்கிறார்.