வயதும் பிறந்த வருடமும் கூட்டினால் 2025: ஆயிரம் வருட அதிசயம் அல்ல

"உங்கள் வயதையும் பிறந்த வருடத்தையும் கூட்டுங்கள், எல்லோருக்கும் 2025 வரும்! ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி!" என்று 2025இல் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. இது தவறு.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்த் திரும்பும் வழியில், பென்னாகரம் டீக்கடையில் பெரியப்பா இதை எனக்குக் காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டினார். 1965, 59. வந்தது 2024. மறுபடியும் கூட்டினார், அதே 2024தான். அவர் பிறந்தது ஐப்பசியில். அந்த வருடப் பிறந்தநாள் அப்போது வந்திருக்கவில்லை, அதனால் ஒன்று குறைந்தது. பிறந்தநாள் முடிந்திருந்தவர்களுக்கு 2025 வந்தது. 2024இல் கூட்டியிருந்தால் 2024, 2026இல் கூட்டினால் 2026. வயது என்பதே நடப்பு வருடத்தில் பிறந்த வருடத்தைக் கழித்தது. கழித்ததைத் திரும்பக் கூட்டினால் வேறென்ன வரும்?

2011இலும் இதன் தம்பி ஒன்று சுற்றியது: பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்களோடு வயதைக் கூட்டினால் 111. அதுவும் இதே கணக்குதான்.

சரி, உண்மையிலேயே திரும்பி வருவது ஒன்று உண்டு. பெரியப்பா பிறந்த தமிழ் வருடம் விசுவாவசு. அறுபது வருடச் சுற்று முடிந்து, 2025 சித்திரையில் அதே விசுவாவசு மறுபடி பிறந்தது. அந்த ஐப்பசியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம்.